சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் பெயர்

கணினியை மேம்படுத்திய பிறகு நிரலின் பழைய பதிப்பு எங்காவது ஒரு மூலையில் தங்கிவிடுவது சாதாரணமான விஷயம், தயாளன் சார். லினக்ஸ் வைத்திருக்கும் எந்த அலுவலகத்திலும் இது நடக்கும். புதியதை நிறுவுவார்கள், பழையதை எடுக்க மறந்துவிடுவார்கள், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பழையது எழுந்து வரும். யார் மேலும் தவறில்லை என்று அறிக்கையில் எழுதியிருப்பதாக நேற்று சொன்னீர்கள். எனக்கு ஒரு கிளாஸ் தே ஓ வாங்கிக் கொடுத்தீர்கள். சர்க்கரை கூடுதலாக இருந்தது. இருந்தாலும் முழுவதும் குடித்தேன்.

பையை இப்போதே மூட வேண்டாம். கோலாலம்பூர் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. உங்கள் அறிக்கையில் ஒரு வரியை மாற்ற வேண்டியிருக்கும்.

முதலிலிருந்து சொல்கிறேன். எனக்குப் பேசிப் பழக்கமில்லை. நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்கச் சிரமப்படுவேன்.

நான் உயிர்வேதியியல் படித்தவள். இந்த ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதிக்கத்தான் சேர்ந்தேன். மூலையில் இருந்த லினக்ஸ் கணினியைத் தொட யாருக்கும் விருப்பமில்லை. எனக்குக் கொஞ்சம் தெரியும் என்று ஒருமுறை வாய்தவறிச் சொன்னேன். அதன் பிறகு அது என் வேலையாகிவிட்டது. இயந்திரம் ரத்தத்தை அளந்து எண்களைத் தரும். கணினியில் இருக்கும் நிரல் அந்த எண்களை ஆளின் பெயரில் ஒரு கோப்பாகச் சேமித்து, அவரை அனுப்பிய கிளினிக்குக்கு ரிப்போர்ட்டாக அனுப்பும். அவ்வளவுதான் அதன் வேலை.

நம் பெயர்களில் ஒரு சாய்கோடு இருக்கிறது. உங்கள் ஐசி அட்டையிலும் இருக்கும். தயாளன், பிறகு ஏ, சாய்கோடு, எல், பிறகு அப்பா பெயர். எனக்கு எல் இருக்கும் இடத்தில் பி. இன்னாரின் மகன், இன்னாரின் மகள். பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து எழுதுவதால் நாம் அதைக் கவனிப்பதே இல்லை. லினக்ஸ் கவனிக்கும். அதற்குச் சாய்கோடு என்றால் ஓர் அறைக்குள் நுழை என்று பொருள். கோப்பின் பெயரில் அதை வைக்க விடாது. பழைய பதிப்பை எழுதியவர் ஒரு சுலப வழி கண்டுபிடித்திருந்தார். சாய்கோட்டிலிருந்து பின்னால் வருவதையெல்லாம் வெட்டிவிட்டார். அப்பா பெயர் போய்விடும். மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இதனால் ஒன்றுமில்லை. நம்மவர்களில் ஒரே நாளில் இரண்டு ஜெயராஜ்கள் வந்தால் மட்டும், இரண்டாவது ஜெயராஜின் எண்கள் முதலாமவரின் எண்கள் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ரிப்போர்ட்டின் தலையில் பெயர், வயது எல்லாம் சரியாக இருக்கும். ரத்தம் மட்டும் வேறொருவருடையது.

இதை முதலில் கண்டுபிடித்தது ரமணி அக்கா. நீங்கள் அவரை இறந்துபோனவராக மட்டும் அறிவீர்கள். சுங்கை பினாங்கில் அந்தச் சின்ன கிளினிக்கில் மருந்து கொடுப்பதும் போன் எடுப்பதும் அவர்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் கூப்பிட்டார்.

“லேப்பா? இந்த ஜெயராஜ் அண்ணனுக்கு சுகர் அஞ்சுன்னு போட்டிருக்கீங்க. அவர் என் முன்னாடிதான் உக்காந்து ரெண்டாவது தே தாரிக் குடிச்சிட்டு இருக்காரு. அஞ்சு வர சான்ஸே இல்ல லா.”

நான் இயந்திரத்தில் தேடிப் பார்த்தேன். அவருடையது பதினாறு, மூன்று மடங்குக்கும் மேல். அதைச் சொன்னதும் அக்கா அந்தப் பக்கம் யாரிடமோ, “அண்ணே, கிளாஸைக் கீழ வைங்க” என்றார். பிறகு என் பெயரைக் கேட்டார். ஊரைக் கேட்டார். நிபோங் திபால் என்றேன்.

“அங்கிருந்து வந்து இங்க தனியாவா இருக்க? சாப்பிட்டியா?”

அன்று அந்தக் கேள்வியை வேறு யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இங்கே வேலை செய்பவர்கள் நல்லவர்கள். ஹாஜராவும் ஷாஹிராவும் சேர்ந்து சாப்பிடப் போவார்கள். ஆரம்பத்தில் என்னையும் கூப்பிட்டார்கள். கூச்சத்தில் வேண்டாம் என்றேன். சில தடவை வேண்டாம் என்றால் மனிதர்கள் கேட்பதை நிறுத்திவிடுவார்கள், அதுதான் நாகரிகம். என் வாடகை அறையில் கூட இருந்த பெண் கல்யாணமாகிப் போன பிறகு வேறு யாரும் வரவில்லை. சனி, ஞாயிறு முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டு, திங்கள் காலை பஸ் ஓட்டுநருக்குத் தேங்க் யூ சொல்லும்போது தொண்டை கரகரக்கும்.

ஒவ்வொரு முறை ரத்தம் மாறிப்போகும்போதும் அக்கா கூப்பிட்டார். அவர் கிளினிக்குக்கு வரும் எல்லோருடைய உடம்பும் அவருக்குத் தெரியும். யார் மாத்திரையைக் கழிப்பறையில் போடுகிறார்கள், யார் டாக்டரிடம் பொய் சொல்கிறார்கள், எல்லாம். எண்ணைப் பார்த்ததும் இது இவருடையது இல்லை என்று சொல்லிவிடுவார். நான் சரியான எண்ணைக் கொடுப்பேன். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பேசுவோம். அவர் பேசுவார், நான் கேட்பேன். அவருடைய கணவர் பட்டர்வொர்த்துக்கு வேறு ஒருத்தியோடு போய்விட்டார் என்பதும், கணவரின் சட்டைகள் இன்னும் அலமாரியில் தொங்குகின்றன என்பதும் அப்படித்தான் எனக்குத் தெரியவந்தன.

பிறகு புதிய பதிப்பு வந்தது. அது பெயருக்குப் பதிலாக ஐசி எண்ணை வைத்துச் சேமிக்கும். அதில் சாய்கோடு கிடையாது. கணினியை மேம்படுத்தி, புதியதை நிறுவியது நான்தான். முடிந்ததும், பழையவை இனித் தேவையில்லை, எடுத்துவிடவா என்று கணினி கேட்டது. வேண்டாம் என்றேன். அப்போது என் மனதில் எதுவும் இல்லை. புதியது ஒழுங்காக ஓடும்வரை பழையதை வைத்திருப்பது நல்ல பழக்கம். இதுவரைக்கும் உங்கள் அறிக்கை சரி.

புதியது ஒழுங்காக ஓடியது. எந்த ஜெயராஜும் எந்த ஜெயராஜோடும் கலக்கவில்லை. போன் மணி அடிக்கும்போது நான் எழுந்து நிற்பேன். ஹாஜராவின் மாமியாராக இருக்கும். வாரக்கணக்கில் அப்படியே போனது. ஒரு நாள் நானே அக்காவைக் கூப்பிட்டேன். என்ன சொல்வது என்று முன்பே ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

“என்ன தனு, ரிப்போர்ட்ல பிரச்சனையா?”

“இல்லக்கா. சும்மாதான்.”

“சும்மாவா? இங்க ஆள் நிக்குது லா. அப்புறம் கூப்பிடுறேன்.”

அப்புறம் கூப்பிடவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. என்னைக் கூப்பிட அவருக்குக் காரணம் இல்லாமல் போய்விட்டது. அந்தக் காரணத்தை எடுத்தது நான்.

ஒரு நிரலின் இரண்டு பதிப்புகள் ஒரே கணினியில் இருக்கலாம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எது வரவேண்டும் என்று ஒரு சுட்டி காட்டும். மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தபோது அந்தச் சுட்டியைப் பழையதன் பக்கம் திருப்பினேன். அடுத்த மேம்படுத்தலில் கணினி தானாகவே பழையதை எடுத்துவிடக் கூடாது என்பதற்காக இன்னொரு கட்டளையும் கொடுத்தேன். இதைப் பிடித்து வை, நான் சொல்லும்வரை விடாதே என்று பொருள். பழைய பதிப்பு ‘தங்கிவிட்டது’ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

அந்த வாரமே அக்கா கூப்பிட்டார். “தனு, அந்தப் பழைய கூத்து மறுபடி ஆரம்பிச்சிருச்சு பாரு.”

மேம்படுத்திய பிறகு பழையது சில சமயம் போகாமல் நிற்கும், லினக்ஸில் இது சகஜம் என்று விளக்கினேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார். “விட்டுட்டுப் போன புருஷன், சட்டை எடுக்க வந்து சோபாவுல உக்காந்துட்ட மாதிரின்னு சொல்லு.”

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஹாஜரா திரும்பிப் பார்த்தார். நான் சிரித்து அவர் பார்த்ததில்லை. அதன் பிறகு அக்கா போனை எடுத்ததுமே, “உன் பழைய புருஷன் இன்னும் வீட்டைக் காலி பண்ணலையா?” என்றுதான் தொடங்குவார்.

நான் கவனக்குறைவாக இருக்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். தினமும் எந்தப் பெயர்கள் மோதுகின்றன என்று பார்த்து, சரியான எண்களைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வேன். அக்கா கேட்டதும் உடனே சொல்லிவிட முடியும். மிச்ச நேரம் எங்களுக்கு. மற்ற கிளினிக்குகளிலிருந்து யாரும் கேட்டதில்லை. அவர்களுக்கு மாலையில் திருத்திய ரிப்போர்ட்டை நானே அனுப்பிவிடுவேன். பெரும்பாலும். சில நாள் வேலை அதிகமாக இருக்கும். குமுதா என்று ஒருவருக்குத் தைராய்டு மாத்திரையின் அளவு கொஞ்ச காலம் தப்பாகப் போனது. அவர் இளைத்துப்போனார். பிறகு சரியாகிவிட்டது. அப்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை. சரியாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

காலையில் யாருடைய ரிப்போர்ட்டோ மாறியிருந்ததற்காக அக்கா கூப்பிட்டார். பேசிவிட்டு வைக்கும் முன், “இன்னைக்கு என் ரத்தமும் உங்ககிட்ட வருது” என்றார். “கால் ரெண்டும் துணி மாதிரி இருக்கு. வீட்டுல லிஃப்டு வேற ரோசாக், ஓடல, மாடி ஏற முடியல. டாக்டர் எழுதிக் குடுத்திட்டாரு. ஒழுங்கா பாரு. உன் பழைய புருஷன் கையில குடுத்திடாத.”

சரிக்கா என்றேன். சுட்டியைத் திருப்ப ஒரு வரி போதும். திருப்புவதற்காகத்தான் கணினி முன் உட்கார்ந்தேன். அப்போது வந்திருந்த பெயர்களைப் பார்த்தேன். இன்னொரு ரமணியும் இருந்தார். தொழிற்சாலை வேலைக்குச் சேர உடல் பரிசோதனைக்கு வந்த இளம்பெண். அக்காவின் ரத்தம் ஏற்கெனவே இயந்திரத்தில் இருந்தது. அந்தப் பெண்ணுடையது வரிசையில் பின்னால் இருந்தது, அதன் எண்கள்தான் அக்காவுடையதன் மேல் ஏறும்.

அக்காவின் எண்கள் வந்தன. பொட்டாசியம் சிவப்பில் இருந்தது. சிறுநீரகத்துக்கான எண்ணும் சிவப்பு. ஊசியால் ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்தால் பொட்டாசியம் கூடுதலாகக் காட்டும், அதனால் ரத்தத்திலிருந்து பிரிந்த நீரைப் பார்த்தேன்; சிவக்காமல் தெளிவாக இருந்தது. மறுபடி ஓட்டினேன். அதே எண். அந்த அளவில் இதயம் எந்த நேரமும் நின்றுவிடலாம். இப்படி ஓர் எண் வந்தால் பார்த்தவர் அப்போதே கிளினிக்கைப் போனில் கூப்பிட வேண்டும் என்பது ஆய்வகத்தின் விதி. சுவரில் ஒட்டியிருக்கிறது. ஒட்டியது நான்.

போனை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். சுட்டியையும் திருப்பவில்லை.

நான் யோசித்த விதத்தைச் சொல்கிறேன். நான் கூப்பிட்டுச் சொன்னால் அக்கா உடனே போனை வைத்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடுவார். பேச்சு அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ரிப்போர்ட் மாறியே போனாலும் அக்கா கண்டுபிடித்துவிடுவார். அடுத்தவர் டீ குடிப்பதைப் பார்த்தே சர்க்கரையைச் சொல்லிவிடும் அவருக்குத் தன் காலைப் பற்றித் தெரியாதா. இது என் ரத்தமே இல்ல லா என்று கூப்பிடுவார். அந்த நிமிடமே சரியான எண்ணைச் சொல்வேன். அப்போது அவரைக் காப்பாற்றியது நானாக இருப்பேன். சாப்பாட்டு நேரத்துக்குள் கூப்பிட்டுவிடுவார் என்று கணக்கிட்டேன். சில மணி நேரம்தானே.

அன்று நான் சாப்பிடப் போகவில்லை. போன் பக்கத்திலேயே இருந்தேன்.

மாலை கிளம்பும் நேரத்தில் மணி அடித்தது. அக்காவின் குரல் வேறு மாதிரி இருந்தது.

“தனு, எனக்கு ஒண்ணும் இல்லையாம். ரிப்போர்ட்டப் பாத்திட்டு டாக்டரே சிரிக்கிறாரு, சின்னப் பொண்ணு ரத்தம் மாதிரி இருக்காம். அசதிதானாம். சும்மா பயந்து செத்துட்டேன் லா. உன்கிட்டதான் முதல்ல சொல்றேன்.”

அடுத்தவர்களின் ரிப்போர்ட்டை அவர் சந்தேகத்தோடு படிப்பார். தன்னுடையதை ஆசையோடு படித்துவிட்டார். இதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

சரியான எண்கள் என் முன்னால் இருந்தன. அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். “ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. நண்டு சமைக்கிறேன். எப்பப் பாத்தாலும் போன்லயே பேசிட்டு இருக்கோம், உன் மூஞ்சி எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது.”

“வரேங்க்கா. நண்டு பிடிக்கும்.”

நண்டு எனக்கு ஒத்துக்கொள்ளாது.

நீங்கள் அவசரப்பட்டு என்னைத் தவறாக நினைக்கக் கூடாது. முதல்முறையாக அக்கா ஒரு பிரச்சினையும் இல்லாமல் என்னைக் கூப்பிட்டிருந்தார். நான் வாயைத் திறந்திருந்தால் அதுவும் ரிப்போர்ட்டுக்கான போனாக மாறியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். இப்படிப்பட்ட விஷயத்தை நேரில் சொல்வதுதான் மரியாதை. சாப்பிட்டு முடித்த பிறகு, கைகழுவிவிட்டு, பொறுமையாக. வெள்ளிக்கிழமை முழுக்க அதை எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேன். சனிக்கிழமை பாசாரில் நல்ல டுக்கு லங்சாட் பழமாகப் பார்த்துப் பொறுக்கி வாங்கினேன். போட்டுக்கொண்டு போகப் புது பாஜு ஒன்றும் எடுத்தேன், நீல நிறத்தில்.

அந்த நேரத்தில் அக்கா மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறார். நண்டு வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார். மூச்சு வாங்கிக்கொள்ள உட்கார்ந்தவர் பிறகு எழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது ஃபிளாட்டின் கீழே கூடாரம் போட்டு நாற்காலிகள் வரிசையாக வைத்திருந்தார்கள். வேறு வீட்டுக்காக இருக்கும் என்று நினைத்து மாடி ஏறினேன். கதவுக்கு வெளியே நிறையச் செருப்புகள். அக்காவின் தங்கை என் கையிலிருந்த பழத்தைப் பார்த்துவிட்டு, நீங்க யாருங்க என்று கேட்டார். ஃபிரண்டு என்றேன். யாரும் மறுக்கவில்லை. உள்ளே விட்டார்கள். அக்காவின் முகத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். குரலைவிடச் சிறிய ஆளாக இருந்தார். அலமாரி பாதி திறந்திருந்தது. சட்டைகள் உண்மையிலேயே தொங்கிக்கொண்டிருந்தன.

சனிக்கிழமை அக்காவை மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது எடுத்த ரத்தம் எங்கள் ரிப்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை. அதனால் தலைமையகம் உங்களை அனுப்பியது.

வந்த அன்றே நீங்கள் பழைய பதிப்பைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். எடுக்கப்போனபோது கணினி தடுத்தது. நீங்கள் கட்டாயப்படுத்தி எடுத்தீர்கள். ஏன் தடுத்தது என்று பார்க்கவில்லை. அவ்வளவு சாதாரணமான தவறு என்று நினைத்தீர்கள். அன்று மாலையே கிளம்பிவிடுவீர்கள் என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் காலை அது மறுபடி வந்திருந்தது. “என்ன தங்கச்சி இது, கொன்னாலும் எந்திரிச்சு வருது” என்று என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். உட்கார்ந்து தேடினீர்கள். என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். மதியம் மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப்போய், மீன் தலை சாப்பிடுவியா, அப்பா அம்மா எங்கே இருக்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்தீர்கள். அதற்கடுத்த நாளும் அது வந்தது. அதை எழுப்பிவிட்டது நான்தான் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

முதல் நாளே சொல்லியிருக்கலாம். நீங்கள் கேட்ட விதம் இதமாக இருந்தது.

இப்போதும் பழையதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் பை அடுக்கிக்கொண்டிருந்தபோது திருப்பினேன். இன்று வந்த ரத்தங்களில் இரண்டு ஜெயராஜ்கள் இருக்கிறார்கள். உட்காருங்கள், கணினியிடம் ஓட வேண்டாம். சரியான எண்கள் என்னிடம் இருக்கின்றன. நீங்கள் கேட்டால் சொல்வேன்.

அறிக்கையில் எழுத வேண்டியது இது. ரமணி அக்காவின் ரத்தம் ஆபத்தில் இருந்தது எனக்குத் தெரியும். வியாழக்கிழமை காலையிலிருந்து தெரியும். ரிப்போர்ட் மாறும் என்று தெரிந்து மாறவிட்டேன். மாறிய பிறகு அவரே கூப்பிட்டபோதும் சொல்லவில்லை. பழைய பதிப்பை வைத்திருந்தது நான். என் பெயரை முழுதாக எழுதுங்கள், சாய்கோட்டையும் அப்பா பெயரையும் விட்டுவிடாமல். தனுஜாக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வேறு யார் மேலாவது போய்விடக் கூடாது.

அக்காவுக்கு நான் கெடுதல் நினைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவரே அப்படி நினைத்திருக்க மாட்டார். தன் ரிப்போர்ட்டில் இப்படி ஒரு தப்பு நடந்திருக்கிறது என்று தெரிந்திருந்தால், அவர் முதலில் எனக்குத்தான் போன் செய்திருப்பார்.